கடிதம் போகாத பாதி

கிட்வாய் நகர், புது தில்லி
13 ஜனவரி 2025

நினைவூட்டல் – 3

அன்புள்ள சுந்தரேசனுக்கு,

ஆசிகள். நீயும் சௌபாக்கியவதி காந்திமதியும் இந்தக் குளிரில் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம் வாசகர் மன்றத்தின் மாதக் கூட்டங்களுக்கு நீ அக்டோபரிலிருந்து வரவில்லை. இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பியும் பதில் இல்லை. நேற்றும் வரவில்லை. காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.

அலுவல் முடிந்தது. இனி என் மனக்குறை.

நேற்று உன் மகள் ஷ்வேதா எல்லார் முன்னாலும் என் மேல் குற்றப் பத்திரிகை வாசித்தாள். உறுப்பினர்கள் குறைந்துகொண்டே போகிறார்களே, அவள் ஆபீஸில் செய்வதுபோல் ஏதாவது கணக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று அவளிடம் கேட்டது நான்தான். குர்கானில் அவள் கம்பெனி ஒரு டெலிபோன் நிறுவனத்துக்காக மாடல் போடுகிறதாம். எந்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். நானும் சந்தோஷமாக நம் வருகைப் பதிவேடுகளையும் நினைவூட்டல் நகல்களையும் தூக்கிக் கொடுத்தேன்.

அவள் திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். "பெரியப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க லெட்டர் கிடைச்சவங்கதான் சீக்கிரமா நின்னுடறாங்க" என்றாள். ஒருவர் சிரித்தார். யாரென்று எனக்குத் தெரியும். டெலிபோன் கம்பெனியிலும் அப்படித்தானாம். சில வாடிக்கையாளர்களைச் சும்மா விட்டால் அவர்கள் பாட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். "எங்களை விட்டுப் போகாதீர்கள்" என்று கூப்பிட்டால், "அட, போகலாமே" என்று அப்போதுதான் தோன்றுமாம்.

சுந்தரேசா, நான் கல்லூரி வாசல் மிதிக்காதவன். கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து, தரியாகஞ்ச் நடைபாதையில் பழைய புள்ளியியல் புத்தகங்களை வாங்கி நானாகப் படித்தவன். பட்டம் இல்லை என்று கடைசிவரை எனக்கு அதிகாரி பதவி தரவில்லை. அது உனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தவறை நான் செய்ய மாட்டேன். நான் யாருக்குக் கடிதம் போடுகிறேன்? ஏற்கெனவே வராமல் போனவர்களுக்குத்தான். டாக்டர் போகிற வீட்டில் எல்லாம் நோயாளி இருக்கிறார், ஆகையால் நோய்க்குக் காரணம் டாக்டர் என்று சொன்னால் எப்படி? இதை எழுந்து நின்று சொன்னேன். "அச்சா, பாயிண்ட்தான் பெரியப்பா" என்று அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் சிரித்தவர் சிரித்தவர்தானே.

இதைத் தீர்க்க ஒரே வழி, முறையாக ஒரு சோதனை. நானும் அவளும் பேசி முடிவு செய்துவிட்டோம். எப்படி என்று உன்னிடம் சொல்வதற்கில்லை. பட்டியலில் நீயும் இருக்கிறாய். சோதனை என் பக்கம் தீர்ப்புச் சொல்லாவிட்டால் செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.

பதில் எழுது. போனில் கூப்பிடாதே, எனக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை.

இப்படிக்கு,
கஸ்தூரிரங்கன்
செயலாளர்

---

துவாரகா
22 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

சுந்தரேசன் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். பனிமூட்டத்தில் எதிர் வீடு தெரியவில்லை. மன்னியை விசாரித்ததாகச் சொல்லவும்.

எழுத்தில் காரணம் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். என் முழங்கால். துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வந்து, ராஜீவ் சௌக்கில் இறங்கி, அந்தக் கூட்டத்தில் படியேறி வண்டி மாறி, ஐ.என்.ஏ.யில் மறுபடி இறங்க வேண்டும். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இவ்வளவு தூரம் வந்தவன் நான். நீங்கள் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருப்பதால் நடந்தே போய்விடுகிறீர்கள்.

ஆனால் முழங்காலோடு நொண்டிக்கொண்டாவது நவம்பரில் வருவதாகத்தான் இருந்தேன். அப்போது உங்கள் கடிதம் வந்தது. மேலே 'நினைவூட்டல் – 1'. காந்திமதி வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, உங்க சேக்காளி உங்களுக்கு மெமோ குடுத்திருக்காகளே, வேலைய விட்டுத் தூக்கிருவாகளோ?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் வீட்டு மோர்க்குழம்பும் என் வீட்டுச் சொதியும் மாறி மாறிச் சாப்பிட்டிருக்கிறோம். கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருந்தால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்திருப்பேன். இரண்டாவது நினைவூட்டல் வந்த அன்று இனி வருவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஷ்வேதா சொன்னதில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அவள் கோட்டில் நானும் ஒரு புள்ளி என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படித்தான் எழுதுவீர்கள் என்றால் எனக்கு எழுதாமலே இருந்துவிடுங்கள், அண்ணாச்சி. மனதில் பட்டதைச் சொன்னேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

என்றும் உங்கள்,
சுந்தரேசன்

---

துவாரகா
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஆரம்பித்துவிட்டது. கூலருக்குப் புதுப் புல் மாற்றினேன்.

பிப்ரவரியில் உங்கள் கடிதம் வரவில்லை. கோபமாக இருப்பீர்கள், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மார்ச்சிலும் வரவில்லை. இப்போது தபால்காரரே கேட்கிறார், "பாவுஜி, உங்க கிட்வாய் நகர்க்காரர் ஊர்ல இல்லையா?" என்று. இந்தத் தெருவில் கையால் எழுதிய கடிதம் எனக்கு மட்டும்தான் வந்துகொண்டிருந்ததாம்.

எழுதாமலே இருங்கள் என்று எழுதியது நான்தான். வீட்டில் சண்டை போடும்போது சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதில்லையா, அதுபோல் எடுத்துக்கொள்ளக் கூடாதா? நான் சொன்ன எதையும் இதுவரை நீங்கள் கேட்டதில்லை. இதை மட்டும் ஏன் கேட்டீர்கள்?

முழங்கால் கொஞ்சம் தேவலை. எண்ணெய் தேய்க்க ஒருவர் வருகிறார். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உங்கள்,
சுந்தரேசன்

---

துவாரகா
2 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

ஏப்ரல் கடிதத்துக்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து போன வாரம் உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். மன்னி எடுத்தார்கள். "நன்னா இருக்கார். பக்கத்துலதான் உக்காந்துண்டிருக்கார். ஆனா உங்ககிட்ட பேச மாட்டாராம். நான் என்ன சொல்லியும் கேக்க மாட்டேங்கறார், நீங்க மனசுல வெச்சுக்காதீங்கோ" என்றார்கள்.

ஷ்வேதாவைக் கேட்டேன். "அப்பா ப்ளீஸ், என்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று எழுந்து போய்விட்டாள். என் பெண்ணிடமும் என்னைப் பற்றிப் பேசி வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

சரி. அலுவலகத்தில் கற்றதை மறக்கவில்லை. தொடர்பு முறிந்தால் அதையும் முறையாக முடிக்க வேண்டும் என்பீர்கள். 13ஆம் தேதி கூட்டத்துக்கு நேரில் வந்து உறுப்பினர் அட்டையை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். தபாலில் அனுப்ப மனமில்லை.

சுந்தரேசன்

---

கிட்வாய் நகர், புது தில்லி
15 ஜூலை 2025

அன்புள்ள சுந்தரேசா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை படியில் நீ இடது காலை முதலில் வைத்து ஏறினாய். எண்ணெயை மாற்றச் சொல்.

என் மேல் நீ கோபமாக இருக்கிறாய். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் கோபமாக இருந்தால் அது உன் உரிமை. ஆனால் நடந்தது இதுதான்.

ஜனவரி கடைசியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நானும் ஷ்வேதாவும் மன்றத்தின் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாணயம் சுண்டுவது. பூ விழுந்தவர் கூட்டத்துக்கு வராவிட்டால் வழக்கம்போல் நினைவூட்டல் போகும். தலை விழுந்தவருக்கு ஜூலைக் கூட்டம் முடியும்வரை என்னிடமிருந்து ஒன்றும் போகாது. யாருக்கு எது விழுந்தது என்று வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள். மே, ஜூனில் பாதி தில்லித் தமிழர்கள் ஊருக்குப் போய்விடுவார்களே என்று நீ கேட்கலாம். இரண்டு பாதியிலிருந்தும்தான் போவார்கள். நாணயத்தின் அருமையே அதுதான். என் கை ராசி என்று யாரும் சொல்லக் கூடாதென்று உன் மன்னி விஜயலக்ஷ்மியைச் சுண்டச் சொன்னேன்.

உன் பெயருக்குத் தலை விழுந்தது.

ஷ்வேதா உடனே, "ஐயோ, அப்பாவை லிஸ்ட்லேர்ந்தே எடுத்துடலாம் பெரியப்பா. வேணும்னா இன்னொரு தடவை சுண்டுங்க பெரியம்மா" என்றாள். விஜயலக்ஷ்மியும் சுண்டப் போனாள். நான் விடவில்லை. வேண்டியவர் என்று ஒருவரை விலக்கினால் அதற்குப் பெயர் சோதனை இல்லை, சிபாரிசு.

நினைவூட்டல் வேண்டாம், சாதாரணக் கடிதம் எழுதலாமே என்று விஜயலக்ஷ்மி கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். உனக்கு நான் எழுதிய எந்தக் கடிதத்தில் நினைவூட்டல் இல்லாமல் இருந்திருக்கிறது? ஆகவே எதையும் எழுதவில்லை. போனிலும் வரவில்லை. உன் ஜனவரிக் கடிதத்தால் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. நான் எழுதாததற்கு அது காரணமல்ல. கோபம் வந்தால் நான் எழுதுகிறவன் என்பது உனக்குத் தெரியாதா? உன் ஏப்ரல் கடிதத்துக்கு எழுதிய பதில் ஏழு பக்கம், என் அலமாரியில் இருக்கிறது. தபால்காரரைப் பற்றி நீ எழுதியிருந்ததை விஜயலக்ஷ்மிக்குப் படித்துக் காட்டினேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நீ உள்ளே நுழைந்ததும் நான் பதிவேட்டை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கள்" என்றேன். 'ங்கள்' போட்டதைக் கேட்டு உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் என் வாய் நிற்காது, கூட்டம் முடியவில்லை, நான் என்ன செய்ய? நீ கையெழுத்துப் போட்டாய். கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். அட்டை உன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. சிறுகதை பற்றிப் பேச வந்தவர் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது, "சார், கதைக்கு வாங்க, நான் துவாரகா போகணும்" என்று நீ குரல் கொடுத்தாய். கூட்டம் மொத்தமும் சிரித்தது. மன்றத்தில் அப்படிச் சிரிப்புக் கேட்டு வருஷமாகிறது. போகும்போது பையைத் தொட்டாய். ஆனால் அட்டையை எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று மாலையே ஷ்வேதா கணக்குப் போட்டாள். கடிதம் போகாத பாதியில்தான் அதிகம் பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். வித்தியாசம் பெரிதில்லை. நம் பட்டியலும் சிறிது. கம்ப்யூட்டரை வெகுநேரம் பார்த்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "பெரியப்பா, அப்பா ஒருத்தரை எடுத்துட்டா இது சும்மா தற்செயல்னு சொல்லிடலாம். அவர் மெம்பரா வரலை, கார்டைத் திருப்பிக் குடுக்க வந்தார். உங்களுக்காக வந்தார். எடுக்கறது நியாயம்தான்."

என்ன சொல்கிறாள் பார். உன்னை விலக்கினால் நான் ஜெயித்தேன். சேர்த்தால் தோற்றேன். பதவியும் போயிற்று.

என்ன காரணத்துக்காக வந்தாய் என்று பதிவேட்டில் பத்தி கிடையாது. வந்தவன் வந்தவன்தான். உன் பெயர் இருக்கட்டும் என்றேன். "ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க?" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு மாதமாக உன்னிடம் மறைத்த பாரம் அவளுக்கும். அவளைத் திட்டாதே. பேசாதே என்று சத்தியம் வாங்கியது நான்.

ராஜிநாமாவை நேற்றே கொடுத்துவிட்டேன். இனி நினைவூட்டல் அனுப்புவதில்லை என்று தீர்மானம் போட்டதும் நான்தான். ஆனால் ஒன்று. முடிவை ஏற்றுக்கொண்டேன், காரணத்தை ஏற்கவில்லை. கடிதத்தில் குற்றமில்லை, கடிதம் வாங்குகிற பழக்கம் ஜனங்களுக்கு விட்டுப்போயிற்று. இதை ஷ்வேதாவிடம் சொன்னேன். "டீக் ஹை பெரியப்பா, அதையும் ஒரு நாள் டெஸ்ட் பண்ணிடலாம்" என்கிறாள். உன்னுடைய பெண்தான், சந்தேகமில்லை.

அந்த ஏழு பக்கப் பதிலை இதோடு வைத்திருக்கிறேன். சில இடங்களில் கடுமையாக இருக்கும். திருத்தவில்லை.

வரும் ஞாயிறு கூட்டம் எதுவும் இல்லை. விஜயலக்ஷ்மி அடைக்கு அரைக்கப் போகிறாள். காந்திமதிக்குப் பிடித்த மாதிரி முருங்கைக் கீரை போட்டு. பத்து மணிக்குக் கல் அடுப்பில் ஏறும். மெட்ரோ வேண்டாம், ஷ்வேதா காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடிதத்தின் தலைப்பைப் பார்த்திருப்பாய். எண் போடவில்லை. இது தகவலுக்காக மட்டும்.

உன்,
கஸ்தூரிரங்கன்