புளி போட்டுத் தேய்த்த முத்திரை

1996, ஆயுத பூஜை. மைசூர்.

மத்தியானம் நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் பூஜை முடிந்தது. என் மேசையில் பித்தளை விளக்குகளோடு, பழைய முத்திரைகளை ஆராயும் பேராசிரியர் ஒருவர் என்னிடம் கொடுத்து வைத்திருந்த ஈய முத்திரையும் மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பைசாந்தியப் பேரரசில் யாரோ ஒரு தேவாலய அதிகாரி தன் கடிதத்தில் கட்டித் தொங்கவிட்டது. ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் கிரேக்க எழுத்து.

"எத்தன வருச அழுக்கோ மேடம்! புளியும் சாம்பலும் போட்டு நாருல தேச்சேனுங்க. மாதா மொகம் இப்பத்தான் பளிச்சுன்னு தெரியுதுங்க" என்றார் அட்டெண்டர் செல்வியக்கா.

ரூமில் இருப்பதெல்லாம் பளபளவென்று இருக்கவேண்டும் என்று காலையில் சொன்னது நான்தான். அதைப் பூட்டி வைக்காததும் நான்தான்.

திருப்பிப் பார்த்தேன். ஈயம் மிருதுவானது, தேய்த்தால் தாங்காது. மேலே, இந்த முத்திரைகளில் வழக்கமாக வரும் வேண்டுதல் மங்கலாக மிஞ்சியிருந்தது: மாதாவே, உன் ஊழியனுக்கு உதவி செய். கீழே அந்த அதிகாரியின் பெயர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அந்தப் பெயரைப் படிக்கத்தான் பேராசிரியர் படமெடுக்கச் சொல்லியிருந்தார். பூஜை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

"நல்லாருக்குக்கா" என்றேன். பொரி கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

நாளை மறுநாள் பேராசிரியர் வருகிறார். வேண்டுதல் மிஞ்சியிருக்கிறது, பெயர்தான் காலி. அவர் வரும்வரை அந்த இடத்தில் என் பெயரை வைத்து வேண்டிக்கொள்கிறேன்.