சிவப்புக் குறி போட்ட அட்டை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை இன்றைக்கு அந்த இடத்தில் நின்றுவிட்டது. நான் நலம். அம்மா இருக்கிறாள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழுவாய், நான் குரலை உயர்த்துவேன், நம் வீட்டில் இருப்பதே ஒன்றரை அறை, எந்த மூலையில் நின்று பேசினாலும் கட்டிலில் கிடப்பவளுக்குக் கேட்கும். அவளுக்குப் பேச்சுத்தான் போயிற்றே தவிர பாம்புக் காது அப்படியே இருக்கிறது. அதுவும் போக, நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பதில் சொல்லிவிடுகிறாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் கடைசிவரை பொறுமையாகப் படி.

போன தடவை நீ கேட்டாயே, அம்மா இந்த நிலைமையில கிடக்கிறாங்க, நீங்க மூணு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி உக்காந்து அட்டை வெட்டி ஒட்டி விளையாடிட்டிருக்கீங்களா என்று, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஆமாம், விளையாடுகிறோம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் இதை ஆரம்பித்துவைத்தது. கடையில் படம் போட்ட அட்டைகள் கிடைக்கும், ஆனா அதுல இருக்கிற சாமான் எதுவும் உங்க வீட்டு சாமான் மாதிரி இருக்காது, நீங்களே வீட்டுல செஞ்சுடுங்க, அவங்க கையால தொட்டுக் காட்டிக் கேக்கட்டும் என்று சொல்லி அனுப்பியது. அம்மாவுக்கு இடது கை மட்டும் நன்றாக அசைகிறது. மருந்துக்கடையில் இரண்டு காலிப் பெட்டி கேட்டு வாங்கிவந்து நான் தனியாக உட்கார்ந்து கத்தரித்துக்கொண்டிருந்தேன். சும்மா பார்க்க வந்த பசை மாமா, முப்பது வருஷம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருந்துவிட்டு இப்படியா வெட்டுவது, கம்பெனி மானத்தையே வாங்கிவிட்டாய் என்று கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் அச்சு மாமாவையும் இழுத்துக்கொண்டு வந்தார். உனக்கு இரண்டு பேரையும் ஞாபகம் இருக்கும், ஒருவர் பசைப் பிரிவு, மற்றவர் பெட்டியின்மேல் அச்சுப் போடும் பிரிவு, நான் வெட்டும் பிரிவு. கம்பெனி மூடி இத்தனை காலம் கழித்து நம் வீட்டுத் தரையில் மறுபடியும் ஷிப்ட் ஆரம்பித்துவிட்டது.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு வந்துவிடுவார்கள். பசை மாமா அடுப்படியை ஆக்கிரமித்துக்கொண்டு மைதா மாவைக் கட்டி தட்டாமல் கிண்டிப் பசை காய்ச்சுவார். பூச்சி அரிக்காமல் இருக்கக் கம்பெனியில் போடுவதுபோல மயில்துத்தம் கொஞ்சம் போடவேண்டும் என்று பொட்டலத்தோடு வந்தார், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டு, சீக்காளி கையில குடுக்கிற அட்டையில விஷத்தைக் கலக்கப் பாக்குறீங்களே, உங்களுக்கெல்லாம் வயசுதான் ஆச்சு என்று ஒரு பிடி பிடித்தது. தினமும் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுவது அந்த அம்மாதான், அதனால் எதிர்த்துப் பேச எங்களுக்கு வாய் வராது. விஷம் போடாததால் இப்போது முனையெல்லாம் பூச்சி அரிக்கிறது, ஒவ்வொரு தடவையும் பசை மாமா தையல்காரம்மா காதில் விழும்படி முணுமுணுக்கிறார். அட்டையின் முனைகளை வட்டமாக வெட்டுவேன், குத்தக் கூடாது பார். பழைய காலண்டரிலும் விளம்பரத் தாளிலும் கிடைக்கிற படம் வெட்டி ஒட்டுவோம், கிடைக்காததை அச்சு மாமா கையாலேயே வரைவார். மேலே ஒட்டுநாடா சுற்றிவிட்டால் தண்ணீர் பட்டாலும் ஊறாது. அம்மா தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். மீந்த துண்டுகளில் ஜன்னலுக்கு ஒரு காற்றாடி செய்தோம், அது சுற்றும்போது அவள் கண் அதோடு போகும். சந்தோஷமாக இருந்தோமா என்று கேட்டால், இருந்தோம் பாப்பா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தோம்.

ஒரு கூத்தையும் கேள். பெட்டிமேல் போடும் குறிகள் உனக்குத் தெரியும், பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அந்த அட்டையில்தானே உறை போட்டுக்கொண்டு போவாய். குடை போட்டிருந்தால் நனையக் கூடாது, அம்பு போட்டிருந்தால் நிமிர்த்தி வை, கண்ணாடி டம்ளர் போட்டிருந்தால் உடையும் பொருள், மெதுவாகத் தூக்கு. அச்சு மாமாவுக்கு அதைத் தவிர வேறு மொழி தெரியாது. எழுந்து உட்காரவேண்டும் என்பதற்கு அம்பு போட்டார், படுக்கை நனைந்துவிட்டது என்பதற்குக் குடை போட்டார், வலிக்கிறது, மெதுவாகத் தொடு என்பதற்கு டம்ளர் போட்டார். தண்ணீருக்குக் குழாய் வரைந்து வைத்தார். எங்கள் மூன்று பேருக்கும் இதில் ஒரு தப்பும் தெரியவில்லை, எங்களுக்கு டம்ளர் என்றால் உடையும் பொருள்தான். முதல் நாள் அவள் டம்ளர் படத்தைத் தொட்டாள். ஐயோ வலிக்கிறது என்று நாங்கள் பதறி, முதுகுக்குத் தலையணை வைத்து, காலைத் தூக்கி வைத்து, பூப்போலப் பிடித்துவிட்டோம். மறுபடி தொட்டாள். இன்னும் மெதுவாகப் பிடித்தோம். அட்டையைக் கையால் அடித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ரொம்ப வலி போல என்று நான் டாக்டருக்குப் போன் போடப் போனேன். சாயங்காலம் தையல்காரம்மா உள்ளே வந்து பார்த்ததும், அடப் பாவிங்களா, தண்ணி கேக்குறாங்கய்யா என்று கத்தியது. கரண்டி கரண்டியாக ஊட்டினேன். நாக்கு ஒட்டிப்போய்க் கிடந்தவள் எவ்வளவு குடித்தாள் தெரியுமா. நாங்கள் மூவரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். குடித்து முடித்துவிட்டு எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தாள், கோணிப்போன அந்த வாயால் சிரித்தாள். படுத்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் எந்த அட்டை செய்தாலும் முதலில் தையல்காரம்மாவிடம் காட்டி, இது என்னவென்று கேட்டுவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கிறோம்.

இனிமேல் எழுதுவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். கம்பெனியில் கெட்டுப்போன பெட்டியின்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு ஓரமாக எறிவோம், அது கழிவு. இங்கேயும் ஒரு அட்டையில் பசை வழிந்து படம் கோணலாகிவிட்டது, அச்சு மாமா பழக்கதோஷத்தில் அதன்மேல் சிவப்புக் குறி போட்டுக் கட்டிலுக்குக் கீழே எறிந்தார். அம்மா கையை நீட்டி நீட்டி அதைக் கேட்டாள். விளையாட்டாக எடுத்துக் கொடுத்தோம். அடுத்த வேளை கஞ்சி போதும் என்றானபோது அந்த அட்டையை என் கையில் வைத்தாள். வானொலிச் சத்தம் அதிகமானபோது அதை வைத்தாள். பசை மாமா பாட ஆரம்பித்தபோது உடனே வைத்தாள், அதற்கு நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அப்போதுதான் எங்கள் மரமண்டைக்கு உறைத்தது. வேண்டும், வேண்டும் என்று கேட்பதற்கே அத்தனை அட்டையும் செய்திருக்கிறோம், வேண்டாம் என்று சொல்ல ஒன்றுகூடச் செய்யவில்லை. கழிவிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். அதைத் தலையணைக்குக் கீழேயே வைத்திருக்கிறாள்.

பெரிய டாக்டரிடம் போன அன்று அதையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். தலைக்குள் இன்னொரு இடத்திலும் எப்போது வேண்டுமானாலும் ரத்தம் கசியும்போல இருக்கிறது, இன்னொரு தடவை திறந்து அடைக்கலாம், பிழைத்தாலும் இப்போது இருக்கிற கையும் நினைவும் மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாது, செய்யாவிட்டால் எவ்வளவு காலம் என்றும் சொல்ல முடியாது என்றார். உன்னிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவர் என்னிடம் மட்டும் பேசாமல் அவள் பக்கம் திரும்பி அவளுக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார், நல்ல மனுஷர். சொல்லி முடித்ததும் அவள் அந்தச் சிவப்புக் குறி அட்டையை அவர் மேஜையில் வைத்தாள். அவர் அதை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க என்றார்.

அதற்குப் பிறகுதான் நீ போனில் அழுதாய். அம்மாவுக்கு மூளையிலதான்பா அடி, அவங்க காட்டுறதை முடிவுன்னு எடுத்துக்கிட்டு உக்காராதீங்க, கையெழுத்துப் போடுங்க என்றாய். உன்மேல் தப்பு இல்லை. எனக்கும் அதுதான் ஆசை. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை, சட்டை எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் நீ போனை வைத்ததும் அந்த அட்டையை எடுத்து அலமாரி உச்சியில் போட்டுவிட்டேன். அட்டை இல்லாவிட்டால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவள் அதற்குப் பிறகு ஒரு அட்டையையும் தொடவில்லை. தண்ணீருக்குக்கூட. குழாயைக் காட்டினேன், டம்ளரைக் காட்டினேன், எல்லாவற்றையும் போர்வைமேல் பரப்பி வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெடித்துவிட்டது. பசை மாமாதான் மறுநாள் முக்காலி போட்டு ஏறி அதை எடுத்து அவள் கையில் வைத்தார். என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலாம்.

புரியாமல்தான் காட்டுகிறாளோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஆபரேஷன் பண்ணிக்கலாமா என்றேன், குறி போட்ட அட்டையை என் மடியில் வைத்தாள். திருப்பி, ஆபரேஷன் இல்லாம வீட்லயே இருந்துடலாமா என்றேன், அதே அட்டையை எடுத்துத் தூரத் தள்ளினாள். பாப்பாவை வரச் சொல்லட்டுமா என்றேன், உன் படம் ஒட்டிய அட்டையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இதற்குமேல் என்னம்மா கேட்பது. முதல் ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்தபோது கை இரண்டையும் கட்டிலோடு துணி வைத்துக் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை உனக்கு நான் இதுவரை சொல்லவில்லை. உன்னால் அப்போது வர முடியவில்லை, அதை நான் குறையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன், அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. உனக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், அவள்மேல் வேண்டாம்.

குட்டிக்கு இருமல் விட்டுவிட்டதா? குளிரில் வெறுங்காலோடு விடாதே. அவளுக்குப் பொம்மை பொம்மையாக வாங்கிக் குவிக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். உங்கள் வீட்டுக்கு வாரத்துக்கு எத்தனை பெட்டி வருகிறது, அதையெல்லாம் கிழித்துக் குப்பையில் போடாதே. லீவு நாளில் அவளையும் அவள் கூட்டாளிகளையும் தரையில் உட்காரவைத்து ஒரு வீடோ பஸ்ஸோ செய்யச் சொல், நீயும் கூட உட்கார், பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிடு. கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும். பசையை நீயே காய்ச்சிக்கொள், மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் வை, நேராகச் சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும், பசை மாமா இதை அழுத்திச் சொல்லச் சொன்னார். நீ அங்கே பேச ஆள் இல்லாமல் வேலையும் வீடுமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டாலும் தெரியும்.

இந்த உறைக்குள் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், எடுத்துப் பார். அது உன்னுடையது. காலேஜ் முடித்தபோது எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி ஒட்டியது. மற்ற அட்டைகளெல்லாம் பூச்சி அரித்துக் கெட்டன, இது அப்படியில்லை. மேலே சுற்றிய ஒட்டுநாடா தேய்ந்து, பிறகு தாளும் தேய்ந்து, முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது, உன் முடியும் காதும்தான் தெரியும். அவள் பெருவிரலால் தடவித் தடவி அப்படி ஆயிற்று. அச்சு மாமா புதிதாக ஒன்று செய்து கொடுத்திருக்கிறார், அதுவும் கன்னத்தில் தேய ஆரம்பித்துவிட்டது. விடுமுறை கிடைக்குமா, டிக்கெட் கிடைக்குமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காமல் கிளம்பி வா. வந்து அவளிடம் எதுவும் கேட்காதே, எதையும் எடுத்துச் சொல்லவும் வேண்டாம், சும்மா பக்கத்தில் உட்கார், அவள் கை எட்டுகிற தூரத்தில்.

நீயும் உன் குடும்பமும் நன்றாக இருக்கவேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பாள், என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். வரும்போது அந்த அட்டையை மறக்காமல் எடுத்து வா, காணவில்லை என்று தேடுகிறாள்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அப்பா