உனக்குப் போட்ட டிக்கெட்டில் நாங்க பாத்த தீவு

மல்லசமுத்திரம்,
ஞாயித்துக்கிழமை.

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு உங்கம்மா எழுதறது. செங்கோட்டு மலையான் புண்ணியத்துல நானும் உங்கப்பாவும் சுகம், பண்ணையில கோழிங்களும் சுகம், கோழிங்களவிட உங்கப்பா கொஞ்சம் அதிகமாவே சுகம், கடல் காத்து பட்டு ஒரு சுத்துப் பெருத்துட்டாரு. அந்த டப்ளின் குளிர்ல நீ எப்படி இருக்கேன்னு நெசமா எழுது. போன்ல பேசறத வுட்டுட்டு இவ எதுக்கு லெட்டர் எழுதறான்னு நெனப்ப. போன்ல பேசினா உங்கப்பா ஸ்பீக்கர்ல போட்டுட்டு நடுவுல முட்டை வெலை சொல்லுவாரு, நீயும் நல்லா இருக்கேம்மான்னு ஒரு வார்த்தைல வச்சுருவ. லெட்டர்னா நடுவுல வைக்க முடியாது பாரு. இட்லிப் பொடி டப்பாவோட சேத்து அனுப்பறேன். அஞ்சாவது படிச்சவ எழுத்து, தப்பு இருந்தா சிரிச்சுக்கிட்டே படி.

மொதல்ல நீ அனுப்பி வச்ச அந்தமான் டூர் கதைய சொல்லிடறேன். கோழிப்பண்ணை வச்சவங்க புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணா ஊருக்குப் போறதுங்கறது நடக்காத காரியம், ஒருத்தர் வெளிய போனா ஒருத்தர் பண்ணையில நிக்கோணும். உன்ற கல்யாணத்துலயே மாப்பிள்ளை தாலி கட்டி முடிச்சதும் தீவன லாரி வந்துருச்சுன்னு பைக்க எடுத்துட்டு ஓடின மனுசன் உங்கப்பா. இந்தத் தடவ பண்ணையில வேலை செய்யற சின்னுசாமி, நான் பாத்துக்கறேன் போயிட்டு வாங்கன்னு தொரத்தி விட்டான். உங்கப்பா தீவுல இருந்து போன் போட்ட போடுல ரெண்டாம் நாள் அவன் போன அணைச்சே வச்சுட்டான். மெட்ராஸ் ஏர்போர்ட்டுலயே நம்ம மானம் போச்சு. கடலுக்கு ஒடைக்கலாம்னு நம்ம மரத்துத் தேங்கா ரெண்டு கைப்பையில வச்சிருந்தேன், சோதனை பண்ற புள்ள எடுத்து வெளிய வச்சிருச்சு. உங்கப்பா சும்மா இருக்காம, ஏனுங்க அம்மணி தேங்காய்க்குள்ள என்ன குண்டா இருக்குதுன்னு கேட்டுட்டாரு. அவ்வளவுதான், பின்னாடி நின்னவங்க எல்லாம் நவுந்துட்டாங்க, ரெண்டு போலீசு வந்து அவர ஓரமா உக்கார வச்சு பேரு ஊரு தொழில் எல்லாம் கேட்டு, முட்டை யாவாரம்னு தெரிஞ்சதும் சிரிச்சு வுட்டாங்க. அங்க போயி எறங்கினா தீவு பூராவும் தென்னை மரம்.

போர்ட் பிளேயர்ல அந்தப் பெரிய ஜெயிலப் பாத்தோம். ஒரு ரூமுல இருந்து இன்னொரு ரூமு தெரியாத மாதிரி கட்டியிருக்கான் வெள்ளைக்காரன். உங்கப்பா ஒரு ரூமுக்குள்ள போயி கதவுத் தாப்பாளத் தொட்டுப் பாத்துட்டு வெளிய வந்துட்டாரு. பக்கத்துல ராஸ்னு ஒரு குட்டித் தீவு, வெள்ளைக்காரன் கட்டின பங்களா சொவத்தையெல்லாம் மரத்து வேரு கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நிக்குது, மானு நம்ம ஊட்டு ஆடாட்டம் கிட்ட வந்து கையில இருக்கறத திங்குது. அங்க சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிருது, காலைல அஞ்சுக்கே வெயிலு. கோழி முட்டை போட இருட்டின பின்னாடியும் வெளிச்சம் வேணுமில்ல, இங்க பண்ணை வச்சா லைட்டுக்கே பாதிக் காசு போயிரும்னு உங்கப்பா ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு.

அங்கிருந்து கப்பல்ல ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். நீ போட்டிருந்த ரூமுக்குள்ள கால் வச்சதும் எனக்கு வெக்கமாப் போச்சு சாமி. கட்டிலு மேல ரோசாப்பூவக் கொட்டி, துண்டு ரெண்ட வாத்தாட்டம் மடிச்சு மூக்கோட மூக்கு ஒட்ட வச்சிருந்தாங்க. உங்கப்பா ஒரு வாத்தப் பிரிச்சு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாரு. அப்பறம் ஒரு பையன் கேக்கு கொண்டாந்து வச்சான். இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியாது, ஆனா உன்ற பேரு தெரியும், உன்ற பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு பேர் ஒட்டினது நானாக்கும். கேக்குல உன்ற பேரு இருந்துச்சு, பக்கத்துல இன்னொரு நீளப் பேரு, கல்யாண மண்டபத்து வாசல்ல பேனர்ல பாத்த அதே பேரு. கண்ணாடி போடாத உங்கப்பா, முட்டை நல்லாத்தான் போட்டிருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே மாப்பிள்ளை பேரு இருந்த பக்கத்தத் தின்னு முடிச்சுட்டாரு. நான் கீழ போயி அங்க இருந்த தமிழ்ப் புள்ளைகிட்ட மெதுவாக் கேட்டேன். கல்யாண நாளுக்குன்னு அவங்க ரெண்டு பேருக்குத்தான் மொதல்ல போட்டிருந்தாங்க ஆன்ட்டி, போன மாசம் பேர மாத்தச் சொன்னாங்க, கேக்குல மாத்த மறந்துட்டோம் சாரின்னு சொல்லுச்சு.

நீ எங்ககிட்ட என்ன சொன்ன, உங்களுக்குன்னே போட்டதும்மா, வேண்டாம்னு சொல்லாதீங்கன்னு சொன்ன. மாப்பிள்ளை போன் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சுங்கறது அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கேட்டா ஆபீசுங்கற, இல்லைன்னா தூங்கறாருங்கற. தூங்கற மனுசன் எந்திரிக்கறதே இல்லையான்னு நான் கிண்டல் பண்ணினப்ப நீ சிரிக்கல. எப்பவும் சிரிக்கறவ.

மறுநாள் படகுல ஏத்தி வேற ஒரு கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, தண்ணிக்குள்ள மூஞ்சிய வச்சு மீனு பாக்கற எடம். படகோட்டி அன்பழகன்னு ஒரு தம்பி, அவங்க தாத்தா காலத்துலயே ராமநாதபுரத்துல இருந்து அங்க போயிட்டாங்களாம். சேலை மேலயே மிதக்கற சட்டைய மாட்டி, மூக்க மூடற கண்ணாடி போட்டு, வாயில கொழாயக் கடிக்க வச்சு, ஒரு டயரப் புடிச்சுக்கோங்கம்மான்னு எறக்கி வுட்டுட்டான். உங்கப்பா அரைக்கால் டவுசர்ல நின்ன கோலத்த நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், தனியா அனுப்பறேன். மொதல்ல பயந்து கத்தினேன், அப்பறம் தலைய உள்ள வச்சேன். மஞ்சளும் நீலமுமா மீனு, பூவாட்டம் பவளம், அதெல்லாம் கூடப் பெருசில்ல சாமி, உள்ள சத்தமே இல்ல. எனக்குக் கல்யாணமாகி வந்ததுல இருந்து ராத்திரி பகலு கோழிச் சத்தம் காதுல இருந்துக்கிட்டே இருக்கும், அது நின்னு போனது அங்கதான். அந்த அமைதியில உன்ற நெனப்புத்தான் வந்துச்சு. போன வருசம் நீ வந்திருந்தப்ப, அம்மா ஒரு நாள் ரெண்டு பேரும் சேந்து உக்காருங்க, பேசோணும்னு சொன்ன. நான் குஞ்சுக்கு ஊசி போடற வேலைல இருந்தேன், உங்கப்பா லோடு ஏத்திட்டு இருந்தாரு. அப்பறம் நீ கெளம்பிட்ட.

அன்னைக்குச் சாயங்காலம் ராதாநகர் கடற்கரையில உக்காந்திருந்தோம். வெள்ளை வெளேர்னு மண்ணு, நடந்தா காலு சுடறதில்ல, பொழுது எறங்கறதப் பாக்க அவ்வளவு சனம். ஜோடி ஜோடியா இருந்தாங்க, நாங்கதான் அதுல பழைய ஜோடி. அங்கதான் உங்கப்பாகிட்டச் சொன்னேன். மொதல்ல, உனக்கு வேற வேலையில்ல, கேக்கு செஞ்சவன் மாத்தி எழுதியிருப்பான்னாரு. நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் கோவம் வந்துருச்சு, சம்பந்தி மூஞ்சில எப்படி முழிக்கறது, பங்காளிக என்ன பேசுவாங்கன்னாரு. நம்ம கோழியெல்லாம் சீக்கு வந்து செத்தப்ப எட்டிப் பாக்காத பங்காளிக இப்ப எட்டிப் பாத்தா பாக்கட்டும்னேன். எந்திரிச்சு அவரு பாட்டுக்கு நடந்து போயிட்டாரு. நான் ரெண்டு பேரு செருப்பையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், சனமெல்லாம் கெளம்பிப் போயிருச்சு. டவுசரு நனைய திரும்பி வந்து பக்கத்துல உக்காந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"சென்னி, புடிக்கலைன்னா ஊட்டுக்கு வந்துருன்னு நாம ஒரு தடவையாச்சும் அவகிட்டச் சொல்லியிருக்கமா?"

யோசிச்சுப் பாத்தேன். மாமியாளுக்குப் போன் பண்ணு, அனுசரிச்சுப் போ, கோவத்துல வார்த்தைய வுடாதே, குளிருக்கு எண்ணெய் தேயின்னு எத்தனையோ சொல்லியிருக்கோம், இத மட்டும் சொன்னதில்ல. இல்லைங்கன்னேன். அப்ப நீ எழுது, நான் பேசினா நடுவுல முட்டை வெலைக்குப் போயிருவேன்னாரு. அதுதான் இந்த லெட்டரு.

மாப்பிள்ளை மேல தப்புன்னும் நான் சொல்லல, உன்ற மேல தப்புன்னும் சொல்லல, என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. ரெண்டு பேருக்குள்ள வந்த சண்டையா இருந்தா அது தீரட்டும், தீந்ததும் ரெண்டு பேருமா அந்தத் தீவுக்குப் போங்க. தீராதுன்னு உனக்குத் தெரிஞ்சுட்டா நீ தனியாவே போயிட்டு வா, அதுல ஒண்ணும் கொறையில்ல. அங்க தனியாப் புள்ளைக நெறையா வருது, நான் பாத்தேன். பக்கத்துல நீல் தீவுன்னு ஒண்ணு இருக்குது, அங்க கடல் அரிச்சுத் தானா ஆன கல்லுப் பாலத்தப் பாக்கத் தண்ணி வத்தற நேரம் கேட்டுட்டுப் போ, கல்லு வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்க. சிப்பி பவளம் பொறுக்கிக்கிட்டு வராதே, ஏர்போர்ட்டுல புடுங்கிக்குவாங்க. தேங்காயும்தான்.

நாங்க ஊரு வந்து சேந்த மறுநாளு காலைல எந்திரிச்சுப் பாத்தா உன்ற ரூமுக்குள்ள சத்தம். நீ போனதுக்கப்பறம் அதுல முட்டை அட்டைய அடுக்கி வச்சிருந்தமில்ல, உங்கப்பா ஒத்தை ஆளா அத்தனையையும் வெளிய எடுத்துட்டு இருந்தாரு. அப்பறம் சொவத்துக்கு வெள்ளை அடிச்சு, ஃபேன மாத்தி, உள்பக்கம் தாப்பாளும் புதுசாப் போட்டாரு. சின்னுசாமி பாத்துட்டு, பாப்பா வருதுங்களான்னு கேட்டான். தெரியாதுடா, வரலைன்னாலும் ரூமு அவளுதுதானேன்னாரு. அட்டையெல்லாம் இப்ப எங்க கட்டிலச் சுத்தி இருக்குது, ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா இடிக்குது, ஆனா ஒருத்தரும் மொணகறதில்ல.

நீ நல்லா இருக்கோணும் சாமி, நோய் நொடியில்லாம, மனசுல பாரமில்லாம. பொடிய ஈரக் கையோட எடுக்காதே. பதிலு எழுதாட்டியும் பரவாயில்ல, ஏன் எதுக்குன்னு சொல்லாட்டியும் பரவாயில்ல. வாரதுன்னா தேதிய மட்டும் சொல்லு.

என்றும் உன்ற அம்மா
சென்னியம்மாள்

(உங்கப்பாவும் இத வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு, சரின்னாரு.)