மொட்டை மாடல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அத்தானின் இரண்டு விரல்கள் போனதற்குக் காரணம் நீதான். நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

அக்கா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை, தலைமை அலுவலகத்துக்கு மாறிப் போனபோது டிசைன் அறையில் நீ விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நான் சொல்கிறேன். கன்வேயரில் மோட்டாரையும் சுழலும் தண்டையும் சேர்க்கும் இணைப்புக்கு நீ வரைந்த தகர மூடி முதல் நாளே உட்காரவில்லை. போல்ட் தலைகள் இடித்தன. ஃபிட்டரான அத்தான் இரண்டு முறை சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். "ஆர்டர் நிக்குது, மூடியைக் கழட்டி வச்சுட்டு ஓட்டுப்பா" என்றாராம் அந்த மனிதர். மூன்றாவது வாரம் பக்கத்தில் கிரீஸ் வைக்கப் போனபோது கை மாட்டிக்கொண்டது. இப்போது அதே சூப்பர்வைசர், மூடியைக் கழற்றியது ஃபிட்டரின் அலட்சியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வாய் கூசவில்லை.

நேற்று உன் பழைய ஃபைலைத் திறந்தேன். மொட்டை மாடல். போல்ட், பள்ளம், துளை எல்லாவற்றையும் மழித்துவிட்டு வழவழவென்று ஓர் உருளை. அதைச் சுற்றித்தான் மூடி வரைந்திருக்கிறாய். மொட்டை போடுவதை நான் குறை சொல்லவில்லை. முழு மெஷினையும் அப்படியே திறந்தால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். நாங்களும் தினமும்தான் போடுகிறோம். ஆனால் மூடிக்கு அளவு வைக்கும்போது முழு மாடலை ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டாமா? இருபது நிமிடம் ஆகும், அவ்வளவுதானே! மொட்டைத் தலைக்கு அளவெடுத்துத் தொப்பி தைத்து, குடுமி வைத்தவனுக்கு மாட்டச் சொல்லியிருக்கிறாய். அளந்து பார்த்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் குறைகிறது.

அத்தானுக்கு இது தெரியாது. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "உங்க ஆபீஸ்ல மாடலுக்குப் போடுவீங்களே மொட்டை, எனக்கும் போட்டுட்டாங்க பாரு" என்று சிரிக்கிறார். அக்கா அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "சிரிக்காதீங்க, பத்திக்கிட்டு வருது" என்கிறாள். "மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேளும்மா, அவன் வழி சொல்லுவான்" என்று என்னிடம் சொல்கிறார். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

போன வாரம் மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மூடியின் அளவு பன்னிரண்டு மில்லிமீட்டர் குறைவு, ஃபிட்டர் மேல் தவறில்லை என்று டைப் செய்திருந்தது. "பேர் போடத் துணிச்சல் இல்லாதவன் பேச்சை எவன் கேப்பான்?" என்று கூடையில் எறிந்தார். அந்த ஃபைலைத் திறக்க நம் இருவருக்கு மட்டும்தான் அனுமதி. நான் திறந்தது நேற்று. எனக்கு முன்னால் திறந்து அளந்தது யார், அண்ணா? மாடலிலும் மொட்டை, கடிதத்திலும் மொட்டையா?

வியாழக்கிழமை விசாரணை. அலட்சியம் என்று முடிவானால் அத்தானை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். நான் எழுந்து பேசினால் மச்சினி பரிந்து பேசுகிறாள் என்று தள்ளிவிடுவார்கள். நீயாகவே சொன்னாய் என்று இருக்கட்டும். அவர் உன்னை அப்படிப்பட்டவன் என்றுதான் நினைத்திருக்கிறார்.

கூடையிலிருந்து எடுத்த உன் கடிதத்தைக் கசங்கல் நீவி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அடியில் இடம் நிறைய இருக்கிறது. பெயரைப் போடு.

இப்படிக்கு,
உன் தங்கை