புரோக்கர் என்ற சொல்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். உன் இருமல் விட்டதா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள் அம்மா. உன் தங்கை தேர்வு முடிந்து பகலெல்லாம் தூங்கி வழிகிறாள். பெண் பார்க்கப் போன கதையைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ விரும்பிய பெண்ணின் வீட்டுக்குப் போய் வந்தோம். போகும் முன் நீ, புரோக்கர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சொந்தத் தொழில் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன் என்றாய். சரி என்றேன், ஆனால் மனதில் சுருக்கென்றது. அப்படி என்னதான் அந்தச் சொல்லில் என்று மாடியில் குடியிருக்கும் நூலகரைக் கேட்டேன். அவர் தடியான அகராதியைப் புரட்டிப் பார்த்து, பழைய காலத்தில் மதுப் பீப்பாயைத் துளைத்துச் சில்லறையாக விற்றவனிடமிருந்து வந்திருக்கலாம், பிறகு வாங்கி விற்பவனுக்கு ஆகி, கடைசியில் இரண்டு தரப்புக்கும் நடுவில் பேசி முடிப்பவனுக்கு வந்து சேர்ந்தது என்றார். துளைத்தவன் ஒரு வாய் குடித்துப் பார்க்காமலா இருந்திருப்பான் என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒழுகும் கூரையை மறைத்து நான் யாருக்கும் வீடு பிடித்துக் கொடுத்ததில்லை. அந்த வருமானத்தில்தான் நீ படித்தாய்.

ஆனாலும் உனக்காக வாயைக் கட்டிக்கொண்டுதான் போனேன். பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. கை கழுவப் போன இடத்தில் குழாயை முழுதாகத் திறந்து தண்ணீர் வேகம் பார்த்தேன், வரும் வழியில் சுவரைத் தட்டினேன், உட்காரும் முன்பே, இந்த மூலையில் ஈரம் ஏறி ஓதம் இருக்கிறது, குடி வருகிறவன் வாடகையைக் குறைத்துக் கேட்பான் என்று சொல்லிவிட்டேன். அம்மா என் காலை மிதித்தாள். பெண்ணின் அப்பா, நீங்கள் வீட்டு புரோக்கரா என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் மாறவில்லை, ஓதத்துக்கு என்ன செய்யலாம் என்றுதான் விசாரித்தார். கிளம்பும்போது பெண் வாசல்வரை வந்து, உங்கள் தொழிலில் எனக்கு ஒன்றுமில்லை அங்கிள், அவர் ஏன் என்னிடம் மறைத்தார் என்று மெதுவாகக் கேட்டாள். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

கோபமில்லையப்பா, வருத்தம்தான். நல்ல பெண், இழந்துவிடாதே. இன்றே கூப்பிட்டு நீயே பேசு. அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது என்பதுதான் காரணம் என்றால் அதையே சொல், அவளிடம் இன்னொரு பொய் வேண்டாம். எனக்கு அது தெரிந்ததுதான்.

நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல் வாழ வேண்டும். இருமல் மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா