பிளக்கைப் பிடுங்கிய கை

நேற்று பழைய சாமான் எடுப்பவர் ஜீப்போடு வந்து நின்றார். கடைக்குப் பின்னால் கிடக்கும் கம்ப்யூட்டர் பெட்டியைக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று திருகாணிகளைக் கழற்றினேன். குப்பென்று பூஞ்சண வாடை. நம் தாண்டிக்குடி மழைக்கு எதில்தான் பூஞ்சணம் பிடிக்காது! உள்ளே புது மோடத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் செத்த மோடமும் உட்கார்ந்திருந்தது. கழற்றி எறிய அன்றைக்கு நம் இருவருக்குமே மனசு வரவில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, நீ போன பிறகு முதல் முறையாக உனக்கு எழுதுகிறேன்.

பத்து வயதில் உன் அப்பா உன்னைச் சிலோனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார். கல்யாணம் ஆகியிருந்த உன் அக்காவுக்கு அந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம், உங்களுக்கு இந்த நாட்டுக் காகிதம்; அவள் அங்கேயே தங்கிவிட்டாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்கு வந்தவன் கடைசி வரை டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொன்னாய். நான் கேலி செய்வேன். நீ கேட்டுக்கொண்டு சிரிப்பாய்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாம் சேர்ந்து கடை போட்டோம். ஜெராக்ஸ், டைப்பிங், இன்டர்நெட். போன் லைனில் நெட்டைக் கொண்டுவரும் மோடம் அட்டை ஊருக்கே நம்மிடம் ஒன்றுதான். உன் அக்கா மகன் அங்கிருந்து மெயில் போட ஆரம்பித்தான். முதலில் போன்தான் போட்டுப் பார்த்தார்களாம். நாம் அதே லைனில் நெட்டில் இருந்ததால் எப்போதும் பிஸி என்றே வர, போன் போடுவதையே விட்டுவிட்டார்களாம். அவன் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதுவான். உனக்கு அது ஓடாது, நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒருநாள், ஆடி மாதம் கோயில் யாத்திரைக் கூட்டத்தோடு அம்மா பழனிக்கு வருகிறாள், தேதி தெரிந்ததும் எழுதுகிறேன் மாமா என்று வந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, நம் மலையின் அடியிலேயே. அன்று நீ கல்லாவில் உட்காரவே இல்லை, கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாய்.

அதோடு அவள் போட்டோவும் வந்தது. மேலிருந்து கோடு கோடாக இறங்கும், நெற்றி தெரியும், கண் தெரியும், லைன் அறுந்துவிடும். ஐந்தாறு தடவை பார்த்தோம். கண்ணுக்குக் கீழே உன் அக்கா வரவே இல்லை. மோடத்துக்குள் எழுதியிருக்கும் புரோகிராம் பழசு, ஃபர்ம்வேர் என்பார்கள், அதைப் புதுசாக்கினால் லைன் நிற்கும் என்று திண்டுக்கல் மெக்கானிக் போனில் சொன்னார். நீ வேண்டாம் என்றாய்.

"ஓடுறது ஓடட்டும், விடு. நோண்டுனா உள்ளதும் போயிரும்."

நான் கேட்டால்தானே. எனக்கு எல்லாம் தெரியும் என்கிற கொழுப்பு. வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுவிட்டு வந்து அந்தப் புரோகிராமை ஓட்டினேன். முடியும் வரை நிறுத்தாதே என்று திரையிலேயே எழுதியிருந்தது. பாதி ஓடியிருக்கும். நீ எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாய். அப்போது பண்ணைக்காட்டுப் பக்கம் ஓர் இடி.

முந்தின வருஷம் இடி விழுந்து ஒரு மோடம் கருகியதிலிருந்து நமக்கு ஒரே சட்டம். இடிச் சத்தம் கேட்டால் முதலில் போன் வயர், அடுத்தது கரண்ட் பிளக். இந்த மலையில் எல்லா வீட்டிலும் அதுதான் பழக்கம். யோசிக்கிற வேலையே இல்லை, கை தானாகப் போகும். போயிற்று. போன் வயரை மட்டும் எடுத்திருந்தால் போதும், படுபாவி நான் பிளக்கையும் பிடுங்கினேன். நீ இரண்டு கிளாஸோடு வாசலில் நின்று என் கையைப் பார்த்தாய், இருண்ட திரையைப் பார்த்தாய். என் கிளாஸை நீட்டினாய்.

திரும்பப் போட்டபோது மோடம் இல்லவே இல்லை என்றது கம்ப்யூட்டர். பாதியில் நின்றால் அட்டை செத்த மாதிரிதான், வேறு அட்டையை நாளைக்கே பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார் மெக்கானிக். புதன்கிழமை வெள்ளனே நீ சட்டை மாற்றிக்கொண்டு வந்தாய், வத்தலக்குண்டுக்கு இறங்கி மெயில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. அன்றைக்கு நான் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"சோலியப் போட்டுட்டு எதுக்கு அலையுற? இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குக் கார்டு வந்துரும். ரெண்டு நாள்ல குடியா முழுகிப் போகும்? அவங்க வர்றது ஆடியிலதான?"

நீ நின்றாய். பஸ் போய்விட்டது.

மழையில் ரோட்டில் மரம் விழுந்து அட்டை சனிக்கிழமைதான் வந்தது. மாட்டியதும் இரண்டு மெயில் இருந்தன. முதலாவது செவ்வாய் சாயங்காலம் வந்தது. யாத்திரையை முன்னாலேயே வைத்துவிட்டார்கள், வியாழக்கிழமை காலை பழனியில் இருப்போம், அடிவாரத்துக்கு வாங்க மாமா. இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா மத்தியானம் வரை அடிவாரத்திலேயே இருந்தாங்க மாமா. மலை ஏறும் நேரம் பார்த்து நீங்க வந்துவிடுவீங்க என்று மேலே போகவே இல்லை. சாமி பார்க்காமல்தான் பஸ் ஏறினாங்க.

வாசித்து முடித்துவிட்டு உன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. நீதான் பேசினாய்.

"எனக்குக் காய்ச்சல், எந்திரிக்க ஏலாமப் போச்சுன்னு பதில் அடி."

உண்மையைச் சொல்லிவிடுவோம், என் மேல்தானே தப்பு என்றேன்.

"மெயிலப் பாக்காம இருந்துட்டேன்னு எப்பிடிடா அவகிட்ட சொல்ல? படுத்துக் கெடந்தேன்னா மன்னிச்சுருவா."

அடித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மெயிலிலும் உன் உடம்பைத்தான் விசாரித்தாள். காய்ச்சல் விட்டதா, கஷாயம் குடித்தானா, மலைக்குளிர் சேரவில்லை என்றால் கீழே போய் இருக்கச் சொல். நல்ல உடம்போடு நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய். அடுத்த தைக்கு முன்னால் அவள் செத்துப்போன செய்தியையும் நான்தான் உனக்கு வாசித்துச் சொன்னேன். ஒரு நாளாவது நீ என்னைத் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் மனுஷனாக நடமாடியிருப்பேன். கடைசிவரை திட்டவில்லை.

போன ஆவணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நாளில் போய்விட்டாய். உன் அக்கா மகனுக்கு நான்தான் எழுதினேன். அன்று ராத்திரிக்குள் பதில் வந்தது. மாமாவுக்கு அப்பவே உடம்பு முடியாமத்தானே இருந்தது, எழுந்திருக்க முடிந்தால் வராமல் இருந்திருப்பாரா என்று அம்மா சாகும்போதும் சொன்னாங்க, அப்படித்தானே அண்ணே என்று கேட்டிருந்தான்.

ஆமாம் தம்பி என்று அடித்து அனுப்பினேன்.