கல்லில் பன்னிரண்டாவது பேர்

ஜூலை 14, 2025
பிச்சாட்டூரில் வாக்கப்பட்ட வெங்கடம்மா, ஆதாருக்குப் பிறந்த ஊர்ச் சான்று வாங்க எங்கள் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தார். எண்பத்தொன்பது வயசு. வாசலில் நிற்கும் தியாகிகள் கல்லைக் காட்டி, "இதுல எங்க நைனா பேரு எங்கேம்மா?" என்றார். பதினோரு பேர் இருக்கு. அவர் அப்பா பக்கிரிசாமி இல்லை. எங்கள் காலனிக்காரர். காலனிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார வைத்ததற்கு இதே ஊரில் அடி வாங்கினவர், நாற்பத்திரண்டில் ஜெயிலுக்கும் போனவர். இந்த ஆந்திர எல்லை ஊருக்கு நான் சர்பஞ்சாகி, அதாவது பஞ்சாயத்துத் தலைவியாகி, நாலு வருஷம். தினம் அந்தக் கல்லைத் தாண்டித்தானே போகிறேன்?

ஜூலை 19
பஞ்சாயத்துக் கூட்டத்தில், பக்கிரிசாமி பேரையும் கல்லில் வெட்டணும்னு சொன்னேன். பழைய சர்பஞ்ச் தங்கவேலு சிரித்தார். "ஏதோ சண்டையில உள்ள போனவரு தியாகியா? ஆதாரம் இன்னா?" கொண்டாறேன்னு சொல்லிட்டேன் — எங்கேர்ந்து?

ஜூலை 23
செக்ரட்டரி சலீம் சொன்னார்: "அப்போ நாம மெட்ராஸ் மாகாணம் மேடம். பேப்பர் எழும்பூர்லதான் இருக்கும்."

ஜூலை 29
சென்னை. ஆவணக் காப்பகம். நாள் பூரா தூசிதான்.

ஜூலை 30
கெடச்சிடுச்சு! ஜெயில் பதிவேடு. 'பக்கிரிசாமி, கூலி. தந்திக் கம்பி அறுத்தது. ஒன்பது மாதம்.' மூணு தடவை படிச்சேன். அதே கேஸில் அடுத்த பேர் கோவிந்தசாமி — தங்கவேலுவின் தாத்தா! நம்ம கல்லில் முதல் பேரே அவர்தான். அங்கே சத்தம் போடக் கூடாதாம். பஸ் ஸ்டாப்பில் வந்து அழுதேன்.

ஆகஸ்ட் 4
கூட்டத்தில் பதிவேட்டு நகலை மேசைமேல் வைத்தேன். "ஒரே கேஸு, ஒரே தண்டனை. உங்க தாத்தா தியாகின்னா இவரும் தியாகிதான்."
தங்கவேலு கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார்.
"எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். எல்லாக் கையும் உயர்ந்தது.

ஆகஸ்ட் 15
கொடியை நான் ஏற்றவில்லை, வெங்கடம்மா ஏற்றினார். காலனியே திரண்டு வந்து கை தட்டியது. கல்லில் தெலுங்கிலும் தமிழிலும் புதுப் பேர். பள்ளிக்கூடத்துக்காக அடி வாங்கியவரின் மகளுக்குப் படிக்கத் தெரியாது. நைனா ஜெயிலுக்குப் போனதும் ஆறு வயசில் மாடு மேய்க்கப் போனவர். "எதும்மா?" என்றார். விரலைப் பிடித்து வைத்தேன். எழுத்துக் குழிக்குள் விரலை ஓட்டிக்கினே இருந்தார். வெயில் ஏறியும் நகரவில்லை.

ஆகஸ்ட் 18
காலையில் தங்கவேலு போன். "சர்பஞ்சம்மா, எங்க தெரு லைட்டு மூணு நாளா எரியலே. கொஞ்சம் பாருங்க." இத்தனை வருஷம் எதுவானாலும் என்னைத் தாண்டி மேலே மண்டல ஆபீசுக்குத்தான் போவார்.
ஆள் அனுப்பினேன். மதியமே போட்டாச்சு.